ஓராண்டுப் படங்களை வரிசைப்படுத்தல்

ஓராண்டிற் கண்ட திரைப்படங்களைத் தரவரிசையில் நிறுத்துதல் கலையார்வலர்க்கு இன்பந்தரும் வேலையே. ஆயினும் அதற்கோர் அளவுகோல் வேண்டும். 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். செல்வராகவனின் 'புதுப்பேட்டை', சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி', வசந்தபாலனின் 'வெயில்' ஆகிய மூன்றும் அவ்வாண்டில் வெளிவந்தன.

நகைச்சுவையே அளவாயின், வடிவேலு இரட்டை வேடந்தாங்கிய புலிகேசி முதலிடம் பெறும். துணிவே அளவாயின், ஏழைச் சிறுவனொருவன் கொலைத்தொழிலால் அரசியல்வரை ஏறுவதை ஒளிவின்றிக் காட்டிய புதுப்பேட்டை முந்தும். வெளிவந்த காலத்தினும் பிற்காலத்தே அது பெரும்புகழ் எய்தியமையின், ஆண்டிறுதி வரிசை முடிந்த தீர்ப்பாகாதென்பதும் விளங்கும்.

ஆனைக்குட்டத்தில் வாழும் எமக்கோ 'வெயில்' சொந்த விருதுநகர்ச் சீமையின் கதை. அவ்வண்மை பற்றியே அதற்கு முதன்மை ஈதல் நடுவுநிலையன்று. ஆதலின் அதனை ஒருபுறம் வைத்து நோக்குவோம். படம் பார்த்த குற்றத்திற்காகத் தந்தையால் வெயிலில் ஒறுக்கப்பட்டு, வீட்டைவிட்டோடிய சிறுவன், படக்கொட்டகையிலேயே பிழைக்கின்றான். அக்கொட்டகையும் அழிந்தபின் வெறுங்கையனாய் வீடு மீள்கின்றான். வாழ்வில் தோற்றவனை எள்ளாது, அவன் துயரைக் காண்போர் தம் துயராகக் கொள்ளச் செய்தமையின் அதனை முதலிலும், புதுப்பேட்டையை இரண்டாவதாகவும், புலிகேசியை மூன்றாவதாகவும் வைக்கின்றோம். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய தேசிய விருதும் 'வெயிலு'க்கே கிடைத்தது. எனினும் வரிசை நிற்பது விருதினாலன்று, காரணத்தினாலேயாம். நண்பர்காள், உங்கள் வரிசை வேறாயின் அதற்குரிய காரணத்தையும் கூறுமின்.