நீல முக்கோணத்தின் கதை

பழைய உலகப்படம் ஒன்று கிடைத்தால் ஐரோப்பாவின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே செக்கோஸ்லோவாகியா என்ற நாடு நீளவாக்கில் கிடக்கும். 1918 அக்டோபர் 28 அன்று பிறந்த அந்த நாடு, 1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு மறைந்தது. நாடுதான் மறைந்ததே தவிர, அதன் கொடி மறையவில்லை. இன்றும் அது பறந்துகொண்டிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று காண்போமா?

முதலாம் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. செக் மக்களும் ஸ்லோவாக் மக்களும் சேர்ந்து ஒரு குடியரசை அமைத்தனர். புதிய நாட்டுக்குக் கொடி வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரு பட்டைகள் கொண்ட கொடியையே ஏற்றினார்கள். செக் மக்களின் பழைய நாடாகிய பொஹீமியாவின் அரசுச் சின்னத்திலிருந்து வந்த நிறங்கள் இவை. சிவப்புக் கேடயத்தின்மேல் இரட்டை வால் கொண்ட வெள்ளிச் சிங்கம் நிற்பதுதான் அந்தச் சின்னம். கொடித் துணியில் வெள்ளிக்குப் பதில் வெள்ளை நிறத்தைப் பயன்படுத்துவது ஐரோப்பிய வழக்கம். சிங்கத்தின் வெள்ளை மேலே வந்தது. கேடயத்தின் சிவப்பு கீழே வந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்டை நாடான போலந்தின் சின்னம் சிவப்புக் கேடயத்தில் வெள்ளைக் கழுகு. எனவே போலந்தும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்ற கொடியையே வைத்திருந்தது! எல்லையில் இரண்டு நாடுகள், இரண்டுக்கும் ஒரே கொடி என்றால் குழப்பம்தானே? இன்னொரு குறையும் இருந்தது. நாட்டில் இரு மக்கள் இருக்க, கொடியில் ஒருவரின் நிறம்தான் இருந்தது. ஸ்லோவாக் மக்களின் அடையாளத்தைக் காணோம்.

இரண்டு குறைகளையும் ஒரே நிறம் தீர்த்தது. அதுதான் நீலம். ஸ்லோவாகியாவின் சின்னத்தில் மூன்று நீலக் குன்றுகள் உண்டு; அவற்றின்மேல் வெள்ளை இரட்டைச் சிலுவை நிற்கும். அந்த நீலத்தை எடுத்து, கொடிக்கம்பத்தின் பக்கம் ஒரு முக்கோணமாகச் சேர்த்தனர். இந்த வடிவத்தை அமைத்தவர் உள்துறை அமைச்சகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்த யாரோஸ்லாவ் குர்சா என்பர். 1920 மார்ச் 30 அன்று நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்கியது.

இப்போது தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடியின் அகலம் 2 பங்கு, நீளம் 3 பங்கு. மொத்தப் பரப்பு 6. முக்கோணத்தின் நுனி கொடியின் நட்டநடுவைத் தொடுகிறது. ஆகவே முக்கோணத்தின் அடிப்பக்கம் 2, உயரம் 1.5, பரப்பு 1.5. அதாவது கொடியில் சரியாகக் கால் பங்கு நீலம்! மீதியை வெள்ளையும் சிவப்பும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2.25 கிடைக்கும். நுனி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிட்டால் நீலத்தின் பங்கு எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நிறங்களைப் பற்றி இன்னொரு செய்தி. 1787இல் பொஹீமியாவில் பிறந்தவர் யான் புர்கினே என்ற உடலியல் அறிஞர். பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு மலர்கள் விடியற்கால மங்கலில் கறுத்துத் தெரிவதையும், நீலமும் பச்சையும் ஒப்பளவில் வெளிறித் தெரிவதையும் அவர் கவனித்தார். இதற்கு இன்று 'புர்கினே விளைவு' என்று பெயர். நம் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகை உண்டு. நல்ல வெளிச்சத்தில் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன. மங்கலில் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறத்தாழத் தெரிவதே இல்லை. சிவப்புத் தாளையும் நீலத் தாளையும் அருகருகே வைத்து, அந்தி மயங்கும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். எது முதலில் கறுக்கிறது என்பது விளங்கிவிடும். செக்கோஸ்லோவாகியக் கொடியிலும் மாலை மங்கினால் முதலில் இருள்வது சிவப்புப் பகுதிதான்.

இந்தக் கொடி பட்ட பாடு கொஞ்சமல்ல. 1939 மார்ச்சில் ஸ்லோவாகியா தனியே பிரிந்தது. மறுநாளே ஹிட்லரின் படைகள் பிராகு நகரில் நுழைந்தன. கொடி இறங்கியது. 1945இல் மீண்டும் ஏறியது. 1948இல் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1960இல் அரசுச் சின்னத்தை மாற்றி, சிங்கத்தின் தலையில் இருந்த கிரீடத்தை எடுத்துவிட்டு நட்சத்திரம் வைத்தனர். கொடியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் பிராகு வீதிகளில் வந்தபோது, எதிர்த்து நின்ற இளைஞர்கள் ஏந்தியதும் இந்தக் கொடியே. 1989 நவம்பரில் மாணவர்கள் தொடங்கிய கிளர்ச்சி அந்த ஆட்சியையே முடித்துவைத்தது. அப்போதும் வீதிகளில் பறந்தது இதுதான்.

பிறகு செக், ஸ்லோவாக் தலைவர்கள் சண்டையின்றிப் பிரிந்துகொள்ள முடிவு செய்தனர். 1992 நவம்பர் 25 அன்று நிறைவேறிய சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: கூட்டாட்சியின் சின்னங்களை இரு நாடுகளும் பயன்படுத்தக் கூடாது. ஸ்லோவாகியா வெள்ளை, நீலம், சிவப்புப் பட்டைகளின்மேல் தன் சின்னத்தைப் பொறித்த கொடியை வைத்துக்கொண்டது. செக் குடியரசோ பழைய கொடியையே தன் கொடியாக ஏற்றுக்கொண்டது! வெறும் வெள்ளை-சிவப்புக்குத் திரும்பினால் மறுபடியும் போலந்துக் கொடிதானே?

அப்படியானால் ஸ்லோவாக் மக்கள் போன பிறகு அந்த நீலத்துக்குப் பொருள் என்ன? செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் சின்னத்தில் நீலக் கேடயம் உண்டு. நீலம் மொராவியாவைக் குறிக்கிறது என்று இன்று பலர் சொல்கிறார்கள். துணியும் நிறமும் மாறவில்லை, பொருள்தான் மாறியது. ஆனால் பிரிந்துபோன அண்டை வீட்டாருக்கு, தங்கள் பங்கான நீலம் இன்னும் அங்கே பறப்பதாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. சட்டத்தை மீறிய செயல் இது என்பாரும் உண்டு. கொடியை விட்டுவிட மனம் வராத மக்களின் விருப்பம் என்பாரும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்? வகுப்பில் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.