தோற்ற ஆட்டத்தைப் பேசும் விதம்

கன்னியாகுமரி பக்கத்துக் கொட்டாரம் சந்திப்பில் மாலையானால் நாலு பையன்கள் போனும் கையுமாக ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நால்வரும் ஒரே அணி, அதாவது ஸ்குவாட். ஆடுகளத்தின் வட்டம் சுருங்கி வரும் நேரத்தில் ஒருவன் அடிபட்டு, 'நாக்' ஆகி விழுவான். அவனை ரிவைவ் பண்ண, அதாவது மீண்டும் எழுப்பிவிட, இன்னொருவன் வெட்டவெளியில் ஓடி, அவனும் விழுவான். ஆட்டம் முடிந்ததும் பஞ்சாயத்து தொடங்கும். "லேய், ஒனக்கு வெளையாடவே தெரியாதுலே, நூப்பு." நூப்பு என்றால் ஒன்றும் தெரியாத கற்றுக்குட்டி. திட்டு வாங்கியவன் பதிலுக்கு இவனுடைய பழைய பிழைகளை எடுத்து வைப்பான். அடுத்த ஆட்டத்திலும் அதே வெட்டவெளி, அதே ஓட்டம்.

கோபத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சில் திருத்திக்கொள்ள எதுவுமே இல்லை என்பதுதான் சிக்கல். 1996-இல் அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டினிசி என்ற உளவியலாளர்கள், செய்த வேலையைப் பற்றிய கருத்து ஒருவரை எப்படி மாற்றுகிறது என்று பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், கருத்தைக் கேட்டவரின் திறன் குறைந்துபோயிருந்தது! கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நூப்பு' என்று கேட்டவனின் மூளை, மறைவுக்குப் புகைக்குண்டு வீசியிருக்கலாமே என்று யோசிக்காது, தன் மானத்தைக் காக்கத்தான் பார்க்கும்.

அந்தப் பஞ்சாயத்தில் வரும் "கண்ணு இல்லியாலே?" என்ற கேள்விக்கும் அறிவியலில் ஒரு பதில் உண்டு. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்கக்காரர்களுக்கு நடு ஆட்டத்திலிருந்த ஒரு பலகையை ஐந்து வினாடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார், புதியவர் நாலைந்தோடு நின்றார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது தேர்ந்தவரின் அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவருக்கு நினைவாற்றல் கூடுதல் இல்லை. பழகிய அமைப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். ஆக, புதியவனின் கண்ணில் குறையில்லை. அவனுக்கு அந்தக் கொத்து இன்னும் உருவாகவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டியது தெரிந்தவனின் வேலை. "மக்கா, அவன் விழுந்ததும் எதிரி மாடியில நின்னான். மொதல்ல ஸ்மோக்கைப் போட்டுட்டு அப்புறமா ஓடியிருக்கலாம்லா?" இதில் எந்தத் தருணம், என்ன பிழை, மாற்று என்ன என்ற மூன்றும் இருக்கின்றன.

சதுரங்கக்காரர்களிடம் இது பழைய வழக்கம். ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, நகர்வு நகர்வாக அலசுவார்கள். பலகை எதிரிலேயே இருப்பதால் மொட்டையாகத் திட்ட வழியில்லை. எந்த நகர்வு என்று கை வைத்துக் காட்டியாக வேண்டும். உலக சாம்பியனாயிருந்த பொத்வின்னிக் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் ஆட்டங்களைத் தானே அலசி எழுதி அச்சில் வெளியிட வேண்டும், பிறர் அதில் பிழை காண வேண்டும் என்று வலியுறுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை இது. எழுதும்போது சாக்குப்போக்கு தானே உதிர்ந்துவிடும்.

பிழையைத் தொட்டுக் காட்டினால் பலன் கூடும் என்பதற்குக் கணினி விளையாட்டிலும் சான்று உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ், வசைபாடித் தண்டனை பெற்றவர்களுக்கு வெறும் காரணத்தை மட்டும் சொன்னபோது, ஏறக்குறைய பாதிப் பேர் திருந்தினார்கள். அவர்கள் பேசிய வரிகளையே எடுத்துக் காட்டியபோது திருந்தியவர்கள் கூடினார்கள்.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். கரோல் டுவெக்கும் கிளாடியா மியூலரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட குழந்தைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். "நீ கெத்துலே" என்பது கேட்க இனிக்கும். "வண்டியக் குறுக்கால நிறுத்தி மறைவு உண்டாக்குனெல்லா, அதாலதான் நாம பொழச்சோம்" என்று சொன்னால், அடுத்த ஆட்டத்திலும் அவன் வண்டியைக் குறுக்கே நிறுத்துவான்.