எரிந்த வீடும் செங்கல் வீடும்

பிள்ளைகளே, நோர்த் யோர்க்கில் யங் வீதிப் பக்கம் போயிருக்கிறீர்களா? சுற்றிலும் உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு நடுவில் சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய மாடி வீடு இருக்கிறது. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல்கள். சின்னப் பிள்ளைகள் கீறும் வீடு மாதிரியே இருக்கும்! அதுதான் கிப்சன் வீடு. 1851இல் கட்டியது. இப்போது அது ஓர் அருங்காட்சியகம்.

இந்த வீட்டைக் கட்டியவர் டேவிட் கிப்சன். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்தான். 1825இல் ஸ்கொட்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்தார். அவர் ஒரு நில அளவையாளர். ஒரு காணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளந்து சொல்வது அவருடைய வேலை. அந்தக் காலத்தில் நிலத்தை இரும்புச் சங்கிலியால் அளப்பார்கள். ஒரு சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள் இருக்கும்.

கிப்சன் யங் வீதியில் காணி வாங்கிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். அப்போது மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தவர்களுக்கு அதிக அதிகாரம் இல்லை. ஆளுநரும் அவருக்கு வேண்டிய சிலரும்தான் முடிவு எடுப்பார்கள். "இது சரியில்லை" என்று சொன்னவர்களில் கிப்சனும் ஒருவர். 1837 டிசம்பரில் வில்லியம் லயன் மெக்கன்சியின் தலைமையில் ஒரு கிளர்ச்சி நடந்தது. கிப்சனும் அதில் சேர்ந்தார். ஆனால் கிளர்ச்சி தோற்றுப்போனது. ஆளுநரின் கட்டளைப்படி கிப்சனின் வீட்டை எரித்துவிட்டார்கள்.

கிப்சன் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். மனைவி எலிசாவும் பிள்ளைகளும் பிறகு அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். லொக்போர்ட் என்ற ஊரில் இருந்துகொண்டு, ஈரி கால்வாயில் அவர் வேலை செய்தார். 1843இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1848இல் திரும்பி வந்தார். எங்கே வீடு கட்டினார் தெரியுமா? அதே காணியில்! அந்த வீட்டைத்தான் நாங்கள் இன்று பார்க்கிறோம்.

உள்ளே போனால் சமையலறையைப் பாருங்கோ. அங்கே ஒரு பெரிய அடுப்பு இருக்கிறது. விறகு எரித்துச் சமைத்த காலம் அது. ஊரில் அம்மம்மாவின் அடுப்படியும் விறகு அடுப்புத்தான் என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எங்களில் பலருடைய குடும்பங்களும் வீட்டை விட்டு வந்தவைதான். சிலருடைய வீடு இன்னும் இருக்கிறது. சிலருடைய வீடு இப்போது இல்லை. அந்த வீடுகளுக்கு அருங்காட்சியகம் கிடையாது. அவை பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன.

செய்து பாருங்கோ: அம்மம்மா, அப்பப்பா அல்லது வீட்டில் உள்ள வேறு பெரியவரிடம் கேளுங்கோ. "உங்கட ஊர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது? கிணறு எங்கே இருந்தது? முற்றத்தில் என்ன மரம் நின்றது?" அவர்கள் சொல்லச் சொல்ல, நில அளவையாளர் மாதிரி அந்த வீட்டின் படத்தைக் கீறுங்கோ. ஒவ்வோர் இடத்தின் பெயரையும் தமிழில் எழுதுங்கோ. கீறி முடிந்ததும் அவர்களிடம் காட்டி, "சரியா?" என்று கேளுங்கோ.