லீவுல ஊருக்கு வரும்போது துப்பாக்கி வெச்சுக்கலாமா?

உங்கள் வீட்டில் யாராவது ராணுவத்தில் இருக்கிறார்களா? அல்லது நீங்களே படைவீரரா? அப்படியென்றால் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்: "நான்தான் ராணுவத்துல இருக்கேனே, எனக்கு எதுக்கு தனியா லைசென்ஸ்?"

பதில் சுருக்கமானது. சீருடை வேறு, உரிமம் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம், 1959-ன் 45-வது பிரிவு, பணி நிமித்தமாக ஆயுதம் வைத்திருக்கும் அரசுப் பணியாளருக்கு விலக்கு தருகிறது. இதில் கவனிக்க வேண்டியது 'பணி நிமித்தமாக' என்ற சொல்தான். பணியில் கொடுத்த துப்பாக்கி அரசின் சொத்து. அது முகாமோடு சரி. விடுமுறையில் ஊருக்கு வந்து சொந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், மற்ற குடிமக்களைப் போல நீங்களும் உரிமம் வாங்கத்தான் வேண்டும்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமம் காலாவதியான பிறகு வைத்திருப்பதும் உரிமம் இல்லாததற்குச் சமம்தான். ஒரு வழக்கு, பல வருட சர்வீஸையே கேள்விக்குறி ஆக்கிவிடும்.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

* மாவட்டங்களில் ஆட்சியர், சென்னை போன்ற ஆணையரகப் பகுதிகளில் காவல் ஆணையர் உரிமம் வழங்குகிறார்.
* மத்திய உள்துறை அமைச்சகத்தின் 'என்டால்-அலிஸ்' இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்யலாம். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு விவரங்களைக் கொடுங்கள்.
* அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், உடல் மற்றும் மனநல மருத்துவச் சான்று தேவைப்படும். துப்பாக்கி எதற்காகத் தேவை என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். அதன்பின் காவல் துறை விசாரணை நடக்கும்.
* வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டு செல்லும்.

படையில் பழகிய 9 மி.மீ. பிஸ்டலே வேண்டும் என்று கேட்காதீர்கள். அது தடைசெய்யப்பட்ட ரகம். ஆட்சியர் அதற்கு உரிமம் தர முடியாது. பொதுமக்கள் வழக்கமாக வாங்குவது .32 ரிவால்வர், 12 போர் துப்பாக்கி போன்றவைதான்.

வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறீர்களா? படையினருக்கு, நாடு முழுவதும் செல்லுபடியாகும் உரிமம் கேட்க வழி இருக்கிறது. உரிமத்தில் எந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் துப்பாக்கியோடு பயணம் கிளம்பாதீர்கள்.

"போஸ்டிங் ஆன இடத்துலயே ஏஜென்ட் வாங்கித் தர்றாராம்"

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை ஆயுத உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சிபிஐ வழக்குப் பதிந்து விசாரித்தது. அங்கே பணியாற்றிய படையினர் பெயர்களிலும் அப்படி உரிமங்கள் போனதாகப் புகார் எழுந்தது. குறுக்கு வழியில் வந்த உரிமம் நாளைக்கு உங்கள் கழுத்தைத்தான் சுற்றும்.

வெளியே எடுத்துப் போகும்போது

பொது இடத்தில் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது. கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுவதும் மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவதும், 'சும்மா ஒரு போட்டோ' என்று நண்பர் கையில் கொடுப்பதும் உரிமத்தையே பறித்துவிடும். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு, அது யாருக்காவது ஆபத்தாக முடியும் நிலை வந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே கிடைக்கலாம்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. முன்கூட்டியே தெரிவித்து, தோட்டாவைக் கழற்றி, விதிப்படி செக்-இன் சாமானில்தான் அனுப்ப வேண்டும்.

லீவு முடிந்து கிளம்பும்போது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். உரிமம் உங்கள் பெயருக்கு மட்டும்தான். "அப்பா பாத்துக்குவார்" என்று பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். படையினருக்கு இன்னொரு வசதியும் உண்டு: உங்கள் யூனிட்டின் ஆயுதக் கிடங்கிலேயே ஒப்படைக்கலாம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அதை நினைவுப் பொருளாக வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. தாமதிக்காமல் ஒப்படையுங்கள், வாரிசு அதை வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் உரிமம் வாங்கிக்கொண்டு பெறலாம்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உரிமத்தை எடுத்து அது முடியும் தேதியைப் பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முன்னதாக ஒரு நாளைக் கைபேசியில் அலாரமாகக் குறித்து வையுங்கள். எல்லையில் இருக்கும்போது தேதி மறந்து போகும், கைபேசி மறக்காது.