பழி அல்ல, பயம்

தீபாவளி, கோடை விடுமுறை, கல்யாண சீசன். பெங்களூரு, மும்பை, டெல்லி அடுக்குமாடிகளில் பெட்டி கட்டும் குடும்பங்களுக்கு ரயில் டிக்கெட்டுக்கு அடுத்த கவலை, நாயை யாரிடம் விடுவது என்பதுதான். வரிசையாகக் கூண்டுகள் நிற்கும் காப்பகங்கள் பிடிக்காதவர்கள், தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களை நாடுகிறார்கள். சிக்கல் முதல் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. சொந்த வீட்டில் ஐந்து வருடமாக ஒரு சொட்டுகூடச் சிந்தாத லாப்ரடார், பராமரிப்பாளரின் சோபா ஓரத்தில் குளம் கட்டி வைக்கிறது. விட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறது என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. கூடவே அதட்டல், சில இடங்களில் அடி.

தீர்ப்பு தவறு. பழகிய மனிதர்களும் வாசனையும் ஒரே நாளில் மறைந்துபோனால் நாய் பதறுகிறது. மூச்சிரைக்கும், எச்சில் வடியும், கதவைப் பிறாண்டும், தட்டைத் தொடாது. அடக்க முடியாமல் போகும் சிறுநீரும் மலமும் அதே பதற்றத்தின் விளைவுதான்.

'செய்த தப்பு அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்' என்பவர்களுக்கு நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. 14 நாய்களை வைத்து அவர் சோதித்தார். நாய் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அதன் 'குற்றவாளி முக'த்துக்கும் தொடர்பே இல்லை. எஜமானர் திட்டினால் அந்த முகம் வந்தது. ஒழுங்காக இருந்த நாயும் திட்டு விழுந்ததும் அதே முகத்தைக் காட்டியது. மணிக்கணக்கு கழித்துக் கொடுக்கும் தண்டனையிலிருந்து நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் ஆபத்தானவர். பயம் கூடுகிறது, ஈரமும் கூடுகிறது.

எல்லா ஈரமும் பயத்தால் வருவதில்லை. சுவரிலோ மேஜைக் காலிலோ காலைத் தூக்கிக் கொஞ்சமாகப் பீய்ச்சினால், அது எல்லை குறிக்கும் வேலை. அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் மொழி. வங்காளக் குடும்பத்தின் நாய்க்கு 'வெளியே போகலாம்' என்பது வங்காளத்தில்தான் தெரியும். கன்னடத்தில் கூப்பிட்டால் விழிக்கும். புல்தரையில் போய்ப் பழகியதற்கு மொட்டை மாடியின் சிமெண்ட் புரியாது. எனவே நாயை ஒப்படைக்கும்போது அதற்குத் தெரிந்த சொற்கள், வெளியே போகும் நேரம், உணவின் அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது நல்லது. துவைக்காத பழைய போர்வை ஒன்றும் கூடவே போகட்டும். அதில் வீட்டு வாசனை இருக்கும். பயணத்துக்கு முன்பே ஒரு பகலும் ஓர் இரவும் ஒத்திகை நடத்திப் பார்த்தால் இன்னும் நல்லது.

பராமரிப்பாளரின் பங்கும் எளிமையானதுதான். நாய் வந்து இறங்கியதும் முதலில் வெளியே, பிறகுதான் வீட்டுக்குள். முதல் இரண்டு நாட்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வேலை முடிந்த அந்தக் கணமே பாராட்டும் ஒரு துண்டு தின்பண்டமும் தரலாம். இரவில் தனி அறையில் பூட்டாமல் அருகில் படுக்க விடலாம். தனியே விடுவதை ஐந்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நனைந்த இடத்தை என்சைம் கலந்த திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும். அமோனியா கலந்தவை சிறுநீர் வாசனையையே நினைவூட்டும். பினாயில், பாதத்தை நக்கும் நாய்க்குக் கெடுதல்.

தீபாவளி தனிக்கதை. பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 மணி வரை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நேரம் வகுத்தது. தெருக்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. இருட்டும் முன்பே நடைப்பயிற்சியை முடித்து, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையோ டி.வி.யையோ ஓட விடுவது பாதுகாப்பு. பதற்றம் கடுமையாக இருந்தால் மருந்துகளும் உண்டு. பிரிவுப் பதற்றத்துக்கான க்ளோமிப்ரமினை அமெரிக்கா 1998இலேயே நாய்களுக்கு அனுமதித்தது. ஆனால் மருத்துவர் எழுதித் தராமல் மனிதர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

வீடு திரும்பிய பிறகும் ஓரிரு நாள் தரை நனையலாம். அப்போதும் துடைப்பத்தைத் தரைக்கு மட்டும் பயன்படுத்துவதே உத்தமம்.