அண்டை மண்ணுக்குப் போன அமைதிப் படை

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைப் பக்கம் போனால் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. அதன் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். 1972-ல் இங்கே பயிற்சி முடித்து மஹர் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையின் யாழ்ப்பாணத்தில், அமைதி காக்கப் போன இந்தியப் படையில் உயிரிழந்தார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

அந்நிய மண்ணில் அமைதி காக்க ஒரு நாடு ஏன் ஆள் அனுப்புகிறது? காசுக்காக என்று சொல்லிவிடுவது எளிது. 2022 நிலவரப்படி ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்றுக் கூடுதலாக ஐ.நா. அந்தந்த அரசுக்குத் தந்தது. நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளுக்கு அது நல்ல வருமானம்தான். ஆனால் ஐ.நா. பணிகளில் அதிக வீரர்களைப் பறிகொடுத்த நாடு இந்தியா. 1960-களில் காங்கோவுக்குப் படை போனபோது, விடுதலையடைந்த புதிய நாடுகளுக்குத் துணை நிற்பது நேருவின் கொள்கையாக இருந்தது. பிற்பாடு, பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் கேட்க இந்தத் தியாகமே டெல்லியின் வலுவான வாதமானது.

இலங்கைக்குப் போனது வேறு கதை. 1987 ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள்; அதன்படியே படை போனது. ஐ.நா.வுக்கு அதில் பங்கில்லை, செலவு இந்தியாவுடையது. திருகோணமலைத் துறைமுகம் வேறு வல்லரசின் கைக்குப் போய்விடக்கூடாது என்ற கவலை டெல்லிக்கு இருந்தது. இலங்கைத் தமிழர் நிலை குறித்துத் தமிழ்நாட்டில் எழுந்த கொதிப்பையும் அடக்க வேண்டியிருந்தது. தனி ஈழத்துக்காக ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் அமைதிக் காவல் புலிகளுடனான போராக மாறியது. அதே மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றார்கள். அமைதிப் படை என்ற பெயர் அங்கேயே செத்தது என்பேன்.

பனிப்போர்க் கால ஐ.நா. பொதுவாக வல்லரசுகளையும் அண்டை நாடுகளையும் இப்பணியிலிருந்து தள்ளியே வைத்தது. அந்த மண்ணில் சொந்தக் கணக்கு உள்ளவர் நடுவராக நிற்க முடியாது என்பதே காரணம். டெல்லிக்கு இது தெரியாததல்ல. கொரியாவில் 1953-ல் போர்க்கைதிகளின் காவலை ஏற்றது, இரு தரப்பும் நடுநிலை என்று நம்பிய இந்தியாதானே!

சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகம் வந்தது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் மாண்ட தமிழர்களை நினைத்தால் அந்த முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அந்தப் படையை அனுப்பியது கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்கள் அல்ல. அனுப்பியவர்களில் எவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் இன்றுவரை கணக்குச் சொல்லவில்லை.