கையெழுத்திடாதவர் சுமக்கும் நஷ்டம்

மைசூருவையும் பெங்களூருவையும் 111 கிலோமீட்டர் விரைவுச்சாலையால் இணைத்து, வீடும் தொழிற்கூடமும் கடைவீதியும் கலந்த ஐந்து நகரியங்களை அதன் ஓரமாக எழுப்புவதென்று கர்நாடக சர்க்காரும் ‘நைஸ்’ எனப்படும் தனியார் நிறுவனமும் 1997 ஏப்ரல் 3 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. தேவையென மதிப்பிட்ட நிலம் 20,193 ஏக்கர். பெங்களூருவை ஒட்டிய சாலை எழுந்தது. விரைவுச்சாலையோ மைசூருவை எட்டவேயில்லை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட இன்றைய நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தனியாக அமைத்தது.

ஒப்பந்தம் செல்லுமென்று 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முறைகேடுகள் நிகழ்ந்தனவென்று 2016-இல் சட்டமன்றக் குழு அறிக்கை தந்தது. இவ்வாறு சர்க்காரும் நிறுவனமும் பல்லாண்டு வழக்காடிய காலமெல்லாம், ஒப்பந்தத்தில் பங்கேற்காத நிலச் சொந்தக்காரரே தாமதத்தின் முழு பாரத்தையும் சுமந்தார். பெங்களூருவின் கொட்டிகெரேயில் மனை வாங்கியிருந்தோருக்கு, இத்திட்டத்துக்காக நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கை 2003-இல் வந்தது. 2005-இல் மனைகள் சுவாதீனத்தினின்று பறிபோயின. நஷ்டஈடோ 2019 ஏப்ரல் 22 அன்றுதான், அதுவும் 2011-ஆம் ஆண்டு விலையில், நிர்ணயமாயிற்று. சொத்துரிமை அடிப்படை உரிமையன்றாயினும், அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு காக்கும் உரிமையே என்று கூறி, 2019-இன் சந்தை விலையையே கணக்கிடுமாறு 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே, அறிவிக்கை கண்டவுடன், அது எந்தச் சட்டத்தின்படி வந்ததென்று முதலில் அறிய வேண்டும். கர்நாடகத் தொழிற்பகுதி அபிவிருத்திச் சட்டம், 1966 எனில், நோட்டீஸ் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்து, நேரில் விசாரிக்கப்படும் உரிமையைக் கோர வேண்டும். 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டமெனில், சர்க்காரும் தனியாரும் கூடிய திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் குறைந்தது 70 சதவீதத்தின் சம்மதமும், சமூகத் தாக்க மதிப்பீடும் பொதுவாகத் தேவை. இவற்றிலிருந்து மாநில விலக்கு உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஒப்பந்த நகலையும் நில வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பணம் தராமல் நிலத்தை எடுத்துக்கொண்டால், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். பெண்கள், பட்டியலினத்தார், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

நகரங்கள் வளரட்டும், தனியார் முதலும் வரட்டும். ஆயினும், நிலம் கொடுப்பவருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம், திட்டம் நின்றால் நிலம் யாருக்கு என்னும் இரண்டையும் எழுத்தில் பெறாமல், மைசூரு மாவட்டத்து விவசாயி எவரும் எந்தச் சம்மதப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.